சமைந்தவள் ஆக்கிய சோறு

முதலாமாண்டு மாணவிகளுக்குப் புறநானூற்றின் 14ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, நும் கை மெல்லியதாக இருக்கிறதே என்று வியக்கிறான். கபிலர் விடை சொல்கிறார். அரசே, யானையை அடக்கியும் குதிரையின் கடிவாளத்தை இழுத்தும் வில்லை வளைத்தும் உன் கை வலிமை பெற்றது. உன்னைப் பாடுகிறவர்களின் கைகளோ ஊனும் துவையும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாதவை, அதனால்தான் மெல்லியவை. புலவரின் நகைச்சுவையையும் புரவலனின் கொடையையும் ஒன்றாகக் காட்டும் பாட்டு என்று 15 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அன்றும் அதையே சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அந்தக் கறியையும் சோத்தையும் ஆக்குனவங்க கை எப்படி இருந்துச்சு மேடம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் இன்னொரு கேள்வி போட்டாள். "கறின்னாலே மட்டன்தானே? அப்புறம் ஊன்னு தனியா எதுக்குச் சொல்றாங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. முதல் கேள்வியை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியர்கள் செய்கிற தந்திரம்தான். ஆனால் கறியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் கைகளுக்குத்தான் போய்ச் சேருகிறோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கறி என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுத்துட்டு வா" என்று பையைக் கொடுத்தால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அது ஆட்டிறைச்சி. ஐயர், ஐயங்கார் வீடுகளில் வாழைக்காய்க் கறி என்றால் எண்ணெய்விட்டு வதக்கிய காய். யாழ்ப்பாணத்துத் தோழி "வெள்ளிக்கிழமை, வீட்டில மரக்கறிதான்" என்று சொன்னபோது, மரத்தில் காய்க்கிற ஏதோ ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஈழத்தில் மரக்கறி என்றால் காய்வகை மொத்தமும். கறி என்றால் மீனோ கத்தரிக்காயோ, சோற்றோடு உண்ணக் கூட்டிச் சமைத்த எதுவும். நாமும் காய்கறி என்று சேர்த்துச் சொல்லும்போது அந்தப் பொருளில்தான் சொல்கிறோம், அதைக் கவனிப்பதில்லை.

சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் முசிறிக்கு வரும் யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து கறியை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. அது இறைச்சியும் அல்ல, குழம்பும் அல்ல, சேரநாட்டு மிளகு. பட்டினப்பாலை புகார்த் துறைமுகத்துப் பண்டங்களைச் சொல்லும்போது கருங்கறி மூட்டைகளைச் சொல்கிறது. கறித்தல் என்ற வினையும் உண்டு, கடித்துத் தின்பது. அதே காலத்திலேயே கபிலரின் பாட்டில் கறி என்பது சோற்றோடு சேரும் உணவாகவும் இருக்கிறது. ஒரே சொல் கப்பலில் ஏறும்போது மிளகு, கலத்தில் விழும்போது தொடுகறி.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் பொருள்களின் பட்டியல் வரும். நெய்யமுது, தயிரமுது, கறியமுது, மிளகமுது, அடைக்காயமுது. மிளகு தனியாகவும் கறி தனியாகவும் பிரிந்துவிட்டன. இங்கே கறியமுது என்பது காய்ச் சமையல். கோயில் மடைப்பள்ளியின் இந்தப் பெயர்களை வைணவ வீடுகள் இன்றும் வைத்திருக்கின்றன. கோயிலுக்கு வெளியே, ஆடும் கோழியும் அறுக்கிற வீடுகளில், கறி இறைச்சியின் பெயராக நின்றது. ஆக ஒருவர் கறி என்னும் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கறி கடல் கடந்து போன கதையும் உண்டு. 1747இல் இலண்டனில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. அதில் இந்திய முறையில் 'கறி' செய்வதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் கறிக் குறிப்புகளில் ஒன்று. கோழி அல்லது முயல், வெங்காயம், 30 மிளகு, ஒரு கரண்டி அரிசி, வறுத்த கொத்தமல்லி விதை. மிளகாய் கிடையாது. அந்த நூலின் முகப்பில் ஆசிரியர் பெயரும் கிடையாது; 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு. எழுதியவர் ஹன்னா கிளாஸ். கடனில் மூழ்கி 1754இல் திவாலாகி, புத்தகத்தின் உரிமையையும் விற்றார். கடனாளிச் சிறைக்கும் போனார். புத்தகமோ அடுத்த நூற்றாண்டிலும் விற்றுக்கொண்டே இருந்தது. அதை ஓர் ஆண் மருத்துவர்தான் எழுதியிருக்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது. 1778இல் ஒரு விருந்தில் இந்தப் பேச்சு வந்தபோது, அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் அந்த மருத்துவர் எழுதியிருப்பாரா என்று ஐயப்பட்டார். கூடவே, பெண்கள் நன்றாக நூல் நூற்பார்கள், ஆனால் நல்ல சமையல் நூல் எழுத அவர்களால் ஆகாது என்ற கருத்தையும் உதிர்த்தார்; பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். தமிழில் நூலுக்கு இரண்டு பொருள் இருப்பது அவருக்குத் தெரியாது, பாவம். கிளாஸ்தான் ஆசிரியர் என்பதை 1938இல் மேடலின் ஹோப் டாட்ஸ் என்ற வரலாற்றாய்வாளர், ஒரு பெண், சான்றுகளோடு நிறுவினார்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் அரண்மனைச் சமையற்காரர்கள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த சுவடி ஒன்றின் பெயரில் 'க்யூரி' என்ற சொல் வரும். இதைக் காட்டி, கறி என்பதே ஆங்கிலேயர் சொல் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் சமைத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நம் கறிக்கும் அதற்கும் உறவில்லை. ஒலி ஒன்றாக இருந்தால் உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சியின் பழைய நோய். கருவேப்பிலையா கறிவேப்பிலையா என்ற சண்டையும் அப்படித்தான் ஓயாமல் நடக்கிறது. தமிழர் கறிக்குப் போடும் வேப்பிலை என்கிறோம், கன்னடர் கரிபேவு, கரிய வேம்பு என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் உண்டு முடித்த பின் இலையின் ஓரத்தில் ஒதுக்கப்படுவது அதுதான். "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்று அழுத பெண்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

மிளகாய்க்கு வருகிறேன். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியர் வரும்வரை இந்த மண்ணில் மிளகாய் இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. காரம் என்றால் மிளகுதான் என்றிருந்த ஊரில், வந்த காய்க்கு மிளகு போன்ற காய் என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் இது இன்னும் வேடிக்கை. வந்தேறிக்கு முளகு என்ற பெயரே போய்விட்டது. பழைய மிளகு குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி தேடிக்கொண்டது. குமரி மாவட்டத்திலும் நல்லமிளகு என்பார்கள். விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

சொல் மாறிய கதையில் அம்மி வருவதில்லை. ஊறவைத்த வத்தலை அம்மியில் வைத்து அரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரவு முழுக்க உள்ளங்கை எரியும். என் பாட்டி கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். (அதுகூட வேடிக்கைதான்: எண்ணெய் என்றாலே எள்ளின் நெய். தேங்காயெண்ணெய் என்றால் தேங்காயின் எள்நெய். மண்ணெண்ணெயைக் கேட்கவே வேண்டாம்.) அந்தக் கையோடு குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது, கண்ணைத் தொட முடியாது. மிளகாய் வந்ததால் தென்னிந்திய உணவு எப்படி மாறியது என்று பேசும் கட்டுரைகளில் வணிகம் இருக்கிறது, காலனியம் இருக்கிறது. உள்ளங்கை எரிச்சலை நான் பார்த்ததில்லை.

இனி சோறு. இந்தச் சொல்லை வகுப்பில் சத்தமாகச் சொன்னால் இன்றும் நாலு பேர் நெளிகிறார்கள். "சாதம்னு சொல்லு" என்று திருத்தப்பட்டு வளர்ந்தவர்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் "சாதம் போடட்டுமா" என்று கேட்ட காலமும் போய், "ரைஸ் வைக்கவா" என்கிறார். சங்க காலத்தில் சோறு அரசனின் பெருமை. சேரன் ஒருவனுக்குப் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்றே பட்டம். சோறு என்ற சொல்லில் அப்போது எந்தத் தாழ்வும் ஒட்டியிருக்கவில்லை. பிறகு யார் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதோ அவர்களோடு சேர்ந்து அதுவும் கீழே இறக்கப்பட்டது. "தண்டச்சோறு", "சோத்துக்கு வழியில்ல", "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்குறியா" என்று வசையெல்லாம் சோற்றில் சேர்ந்தது. தண்டச்சாதம் என்று யாரும் திட்டுவதில்லை.

தமிழ்ச்சொல் தாழ்ந்தது, வடசொல் உயர்ந்தது, அவ்வளவுதான் என்று முடித்துவிடத் தோன்றும். நானும் முனைவர் பட்டத்துக்குப் படித்த நாட்களில் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் தென்மாவட்டத்துக் கரிசல் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து உட்காரும் பெண் "வெஞ்சனம் என்ன?" என்று கேட்கிறாள். வெஞ்சனம், வியஞ்சனம் என்ற வடசொல்லின் திரிபு. சமற்கிருதத்தில் அதற்குத் தொடுகறி என்றும் பொருள், மெய்யெழுத்து என்றும் பொருள். உயிரோடு சேர்ந்து வருவது மெய்; சோற்றோடு சேர்ந்து வருவது வெஞ்சனம். இத்தனை இலக்கணச் செழிப்புள்ள வடசொல்லைச் சொல்கிறவளைப் பட்டிக்காடு என்கிறார்கள். மறுபக்கம் ஐயங்கார் வீட்டுச் சாத்தமுதைப் பாருங்கள். சாறு, அமுது இரண்டும் சேர்ந்து சாற்றமுது. அது சாத்தமுது ஆனது. சாறு பச்சைத் தமிழ். கன்னடரும் தெலுங்கரும் இன்றும் சாரு என்றே சொல்கிறார்கள். நாம் பெரும்பாலும் ரசம் என்ற வடசொல்லுக்குப் போய்விட்டோம். இசுலாமியத் தோழிகள் வீட்டில் குழம்பு ஆணம்; அதுவும் பழந்தமிழ்ச் சொல்தான். அதை உருது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழாசிரியரை எனக்குத் தெரியும். ஆக, ஒரு சொல்லின் மதிப்பை அதன் வேர் தீர்மானிக்கவில்லை. எந்த அடுப்படியில் அது புழங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு இதில் தனிச்சிக்கல். கணவன் தன் வீட்டுச் சொல்லிலேயே சாகும்வரை சாப்பிடலாம். அவள்தான் குழம்பை ஆணமாகவோ கறியைப் பொரியலாகவோ மாற்றிச் சொல்லப் பழக வேண்டும். வாய் தவறினால், "உங்க வீட்டுல இப்படித்தான் சொல்வாங்களா?" என்ற ஒற்றைக் கேள்வியில் அவளுடைய ஊர், சாதி, அம்மா எல்லாம் விசாரிக்கப்பட்டுவிடும். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தபோது தாயைப் பிரிந்து தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு அது பெரிய துணை. இளம் வயதில் கணவனை இழந்த ஒரு பெண் தன் கைப்பக்குவத்தை எழுத்தாக்கிப் பிழைத்துக் காட்டியது சின்ன விஷயமல்ல. அதே புத்தகம் ஒரு சாதியின் அடுக்களைச் சொற்களைத் தமிழ்ச் சமையலின் பொதுச்சொற்களாக அச்சில் நிறுத்தவும் செய்தது. இரண்டையும் சேர்த்தே நான் நினைக்கிறேன்.

சமையலைக் குறிக்கும் சொற்களிலேயே இன்னும் பெரிய குழப்பங்கள் இருக்கின்றன. சங்க நூல்களில் சமைப்பதற்குப் பெரும்பாலும் அடுதல் என்ற வினை. அடுப்பு, அட்டில், அடிசில் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அடுதலுக்குக் கொல்லுதல் என்றும் பொருள். அடுகளம் என்றால் போர்க்களம். மாணவிகள் தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுவார்கள். கலிங்கத்துப்பரணி அவர்களுக்கு முன்பே இரண்டையும் கலந்துவிட்டது: குலோத்துங்கனின் படை கொன்று முடித்த களத்தில் பேய்கள் கூழ் அடுகின்றன. வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுப்பு மூட்டுவதும் பானை ஏற்றுவதும் பேய்களுக்கு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி சமைப்பது கொலைக்களக் காதையில்தான். மாதரி வீட்டில், ஆய்மகளிர் கொண்டுவந்து தந்த காய்களை நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அந்தக் காய்களில் கோளிப்பாகல் என்று ஒன்று வரும். பாகற்காய் என்று படித்துவிட்டு, கடைசிச் சாப்பாட்டில் கசப்பை வைத்தார் இளங்கோ என்று உருகி எழுதியவர்கள் உண்டு. மாணவியாக இருந்தபோது நானும் எழுதினேன். கோளி என்றால் பூக்காமல் காய்ப்பதாகக் கருதப்பட்ட மரம். கோளிப்பாகல் பலாக்காய்.

மடை என்றால் சமைத்த உணவு, படையல். மடைப்பள்ளி அதிலிருந்து வந்தது. மடையன் என்றால் சமையற்காரன். அறிவில்லாதவன் என்று திட்டுகிற மடையன் வேறு. அது மடம், மடமை என்பதோடு உறவுடையது. இந்த மடத்தைத்தான் அச்சம், நாணம், பயிர்ப்போடு சேர்த்துப் பெண்ணுக்கு அணிகலனாக வைத்தார்கள். சமையலுக்கான மடையை ஆணுக்கும் அறியாமைக்கான மடத்தைப் பெண்ணுக்கும் மொழி பிரித்துக்கொடுத்திருக்கிறது. நல்ல சமையலுக்குப் பெயர் நளபாகம்; இல்லாவிட்டால் வீமபாகம். நாள்தோறும் ஆக்கிப் போட்ட திரௌபதியின் பெயரிலோ தமயந்தியின் பெயரிலோ ஒரு பாகம் கிடையாது. சாம்பாருக்குக்கூட, மராட்டியச் சம்பாஜியின் பெயரால் வந்தது என்று தஞ்சை அரண்மனைக் கதை ஒன்று சுற்றுகிறது. சம்பாரம் என்று மசாலைப் பொருள்களுக்குப் பெயர் இருக்கும்போது அந்தக் கதை எதற்கு? மலையாளத்தில் இஞ்சியும் மிளகாயும் தட்டிப்போட்ட மோருக்குச் சம்பாரம் என்றே பெயர்.

கடைசியாகச் சமை. சமைதல் என்றால் பக்குவமாதல், ஆயத்தமாதல். சமைத்தல் என்றால் ஒன்றை உருவாக்குதல். உணவு ஆக்குதல் அதில் ஒரு வகை. எங்கள் ஊரில் பெண் பூப்படைந்தால் "சமைஞ்சிட்டா" என்பார்கள். சோறு வெந்து பதமாவதற்கும் ஒரு சிறுமியின் உடல் குருதி காண்பதற்கும் ஒரே வினை. நான் சமைந்தபோது வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுக் குச்சில் கட்டி உட்காரவைத்தார்கள். தனித்தட்டு, தனிக்குவளை. அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. 16 நாள் கழித்துத் தீட்டுக் கழித்து உள்ளே அழைத்த மறுநாள் அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சமைஞ்ச புள்ள, இனிமே சமைக்கக் கத்துக்க." அவர் சொல்விளையாட்டு ஆடவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் மூன்று நாள், சமைந்தவள் என்பதாலேயே சமைக்கக் கூடாது. மற்ற நாளெல்லாம் சமைந்தவள் என்பதாலேயே சமைத்தாக வேண்டும். அந்த மூன்று நாளை ஓய்வு என்று இப்போது சிலர் விளக்குகிறார்கள். ஓய்வெடுப்பவரின் தட்டை யாரும் குச்சிலுக்கு வெளியே வைத்துத் தள்ளுவதில்லை.

இத்தனையும் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வகுப்புக்குப் போனேன். முதல் கேள்வி கேட்ட பெண்ணுக்கு இரண்டு பாட்டுகளை எடுத்துப்போயிருந்தேன். ஒன்று குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழாருடையது. புதுக்குடித்தனம் நடத்தும் பெண் கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கிற புகை கண்ணில் நிறைய, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. தாளிப்புக்கு அந்தப் பாட்டில் குய் என்று ஒரு சொல். கபிலரின் பாட்டிலும் புகை வருகிறது, ஆனால் அங்கே புகைக்குப் பூமணம். உண்கிறவருக்குப் பூமணமாக வந்த புகை இங்கே ஆக்குகிறவள் கண்ணில் இருக்கிறது.

மற்றது புறநானூற்றின் 246ஆம் பாட்டு. பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயப் போன அவன் தேவி பாடியது. பெருங்கோப்பெண்டு என்கிறார்கள், அது அரசி என்ற பதவியின் பெயர், அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தன்னைத் தடுக்கும் சான்றோரிடம், உயிரோடு இருந்தால் தான் எதைத் தின்ன வேண்டியிருக்கும் என்று சொல்கிறாள். வெள்ளரி விதைபோல் வெளுத்த நெய் படாத உணவு. இலைமேல் கிடக்கும், கையால் பிழிந்த நீர்ச்சோற்று உருண்டை. வெள்ளெள் விழுதும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாயும் இல்லாத பருக்கைக்கல் தரை. நெருப்பும் தாமரைக் குளமும் தனக்கு ஒன்றே என்கிறாள். இந்தப் பாட்டைக் கற்பின் பெருமை என்று எனக்கு நடத்தினார்கள். நான் அப்படி நடத்துவதில்லை. ஒரு பெண்ணின் முன்னால் அந்தச் சோற்றையும் அந்த நெருப்பையும் மட்டும் வைத்த ஊரைப் பற்றித்தான் பேசுவேன்.

அன்று அதைப் பேச வாயெடுத்தபோது அந்தப் பெண் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கபிலர் கறி, சோறுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு மேடம். இவங்க எள்ள அரைச்சு, புளி ஊத்தி, கீரைய வேகவச்சு, எல்லாத்தையும் செய்முறையோட சொல்றாங்க" என்றாள். "அரண்மனைல இருந்தாலும் இவங்களுக்கு ஆக்கத் தெரிஞ்சிருக்கு."